சோர்வும் ஒரு நோயே

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் வாக்கு. காய்ச்சலை வெப்பமானி காட்டும். எலும்பு முறிவை எக்ஸ்-கதிர்ப் படம் காட்டும். ஆனால் எந்தச் சோதனையிலும் எளிதில் அகப்படாத நோய் ஒன்று உண்டு. என் சித்தி இரண்டு ஆண்டுகளாக அந்நோயால் துன்புறுகிறார். வைரஸ் காய்ச்சல் வந்து போனது; அதனுடன் வந்த சோர்வோ போகவில்லை. இரண்டு குடம் தண்ணீர் எடுத்தால் மறுநாள் முழுவதும் படுக்கைதான். "சோதனையில் ஒன்றுமில்லை, எல்லாம் சோம்பல்" என்று வீட்டில் பேசியவர்களுள் நானும் ஒருத்தி. மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன பிறகே அதைப் பற்றிப் படித்தேன். படித்ததை அன்புத் தோழியரோடு பகிர்ந்து கொள்கிறேன்.

நோயின் இயல்பு

இதற்கு நாட்பட்ட சோர்வு நோய் என்று பெயர். ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கடுஞ்சோர்வு, உறங்கியும் தெளியாத உடல், சிறு உழைப்புக்குப் பின்னும் நோய் பெருகுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். பலருக்கு மறதி உண்டாகும். சிலரால் சிறிது நேரம் நிற்கவும் இயலாது.

வரலாறு

1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியருமாக ஏறத்தாழ 300 பணியாளர் இத்தகைய நோயில் விழுந்தனர். மருத்துவமனையையே அக்டோபர் வரை மூட நேர்ந்தது. 1970இல் மனநல மருத்துவர் இருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, "இது கூட்டமாக வந்த மனக்கோளாறு" என்று எழுதினர். நோயுற்றோரில் பெண்கள் மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று! அந்நோயாளிகளை நேரில் கண்ட மருத்துவர் மெல்வின் ராம்சே, இது உடல் நோயே என்று இறுதிவரை வாதாடினார்.

இரத்தச் சோதனை

நம் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் கோட்டையைக் காக்கும் வீரர்களைப் போன்றவை. அவற்றுள் 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' என்பவை வைரஸ் புகுந்த உயிரணுக்களை அழிக்கின்றன. இந்நோயாளிகள் பலரிடம் அவ்வணுக்களின் ஆற்றல் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. ஆயினும் எல்லா நோயாளிகளிடமும் அது குறைவதில்லை. வேறு நோய்களிலும் குறைவதுண்டு. எனவே இச்சோதனையை மட்டும் கொண்டு நோயை உறுதி செய்ய இயலாது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்றவை இல்லை என்று அறியவே வழக்கமான சோதனைகள் உதவுகின்றன. "சோதனையில் ஒன்றுமில்லை" என்பதற்கு "நோயே இல்லை" என்பது பொருளன்று.

நோய் தணியுமா?

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஃப்ளூகே, மெல்லா என்னும் புற்றுநோய் மருத்துவர்கள் ஒரு வியப்பைக் கண்டனர். நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவரின் நாட்பட்ட சோர்வும் தணிந்தது. நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை 30 பேரிடம் அவர்கள் சோதித்தனர். 2011இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்ற 15 பேரில் 10 பேர் தேறினர். மருந்தில்லாத ஊசி பெற்ற 15 பேரில் இருவரே தேறினர். உலகெங்கும் நோயாளிகள் மகிழ்ந்தனர்.

அவர்களோ அத்துடன் நிறுத்தவில்லை. மீண்டும் 151 பேரிடம் சோதித்தனர். 2019இல் வந்த முடிவு: மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 26 பேர் தேறினர், பெறாதோரில் நூற்றுக்கு 35 பேர் தேறினர்! மருந்து பயன் தரவில்லை என்பதை அவர்களே உலகுக்கு அறிவித்தனர். தம் நம்பிக்கை பொய்த்ததைத் தாமே கூறுவதும் உண்மையை நாடுவோர் கடமையன்றோ?

மருந்தின்றியும் சிலருக்கு நோய் தணிகிறது என்பதும் இதனால் விளங்குகிறது. முழு நலம் பெறும் பெரியவர்கள் மிகச் சிலரே. சிறுவர்கள் பெரியோரைவிட நன்கு தேறுகின்றனர். நாள்தோறும் உழைப்பைக் கட்டாயமாகக் கூட்டும் பயிற்சி வேண்டாம் என்று 2021இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி கூறியது. உள்ள வலுவை அளந்து செலவிடுதலே நன்று.

முடிவுரை

இப்போது சித்தியின் குடத்தை நான் எடுக்கிறேன். "சோம்பேறி" என்ற சொல் எங்கள் வீட்டில் ஒழிந்தது. நோயை நீக்க நம்மால் இயலாது. நோயாளியை நம்ப இயலும். வகுப்பில் ஒரு தோழி "களைப்பாக இருக்கிறது" என்றால் நகைக்காமல் கேட்போமாக!