ஸ்கிரமும் நடுவரின் கண்ணும்

காலடிப்பேட்டையில் வளரும் நமக்குத் தோளோடு தோள் சேர்த்துத் தள்ளுவது புதிதன்று. திருவொற்றியூர்க் கரையில் படகை மேலேற்றும்போது ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் 'ஐலசா' என்று ஒரே மூச்சில் தள்ளுவதைப் பார்த்திருக்கிறோம். குரலுக்கு முந்தித் தள்ளுபவரால் பக்கத்திலிருப்பவரின் கால் சறுக்கும். ரக்பியில் 'ஸ்கிரம்' என்பதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் எதிரே இருப்பது படகன்று, இன்னொருவரின் தலையும் தோளும்.

பந்தைக் கைதவறி முன்னால் விடுவது போன்ற சிறு தவறுக்குப் பின் ஸ்கிரம் மூலம் ஆட்டம் தொடங்கும். அணிக்கு எட்டுப் பேர் மூன்று வரிசையாகக் கோத்துக் குனிந்து, எதிரணியைத் தள்ளுவர். எழுவர் ரக்பியில் மூவர்தாம். இது சரிந்தால், கைகள் பிணைந்திருக்கும் முன்வரிசையினர் தரையில் ஊன்ற முடியாது. பின்னிருப்போரின் பாரம் கழுத்தில் இறங்கும். தண்டுவடம் முறிந்து, பிறகு எழுந்து நடவாதவர்கள் உண்டு.

ஆகவேதான் விதி மாறிக்கொண்டே வருகிறது. 2007இல் நடுவரின் கட்டளை நான்கு: குனி, தொடு, பொறு, சேர். 2012இல் 'பொறு' நீங்கியது. 2013 முதல் குனி, பிடி, சேர். முட்டுவதற்கு முன்பே எதிராளியின் சட்டையைப் பிடித்துவிட வேண்டும். இதனால் மோதும் விசை ஏறக்குறைய 25 விழுக்காடு குறைவதாக இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே கூடாது. நம் வயதுக்கு இதுவே முக்கியமான விதி என்போம்.

நடுவருக்கும் இதில் நன்மை உண்டு. பிடி முதுகிலோ விலாவிலோ இருக்க வேண்டும். கையையோ காலரையோ பற்றக் கூடாது. தள்ளுமுன் அதைச் சரிபார்க்க இப்போது நேரம் கிடைக்கிறது. ஆயினும் சரித்தது யார் என்பது எளிதில் விளங்காது. முழங்கை தரையை நோக்கினால் ஐயப்படலாம், அவ்வளவே. தவறாகத் தீர்ப்பளித்தால் தண்ட உதையில் மூன்று புள்ளி போய்விடும். 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் சிங்கப்பூரை வென்று, பதினைவர் ஆட்டத்தில் தங்கள் முதல் வெற்றியைப் பெற்றது 21–19 என்ற கணக்கில்தான்!

பள்ளி மணலில் மூவர் மூவராக நின்று, தள்ளாமலே பழகிப் பார்த்தோம். இரண்டாம் முறையே சரிந்தோம். "அவள்தான் இழுத்தாள்" என்று இரு பக்கமும் ஒரே குரல். விசிலோடு இடப்பக்கம் நின்ற ஆசிரியைக்கு வலப்பக்கத்துக் கைகள் தெரியவேயில்லை.