நாட்டியம் பயிலப் போகும் தங்கையருக்கு

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்த புதிதில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். தரை வழுக்குகிறது என்றோம். தாவணி தடுக்குகிறது என்றோம். கோணல் கூடத்தில் இல்லை, நாங்கள் நிற்கும் நிலையில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின. புதிதாகச் சேரும் தங்கையரில் சிலர் மூன்றாம் மாதத்திலேயே விலகிவிடுகிறார்கள். தொடக்கத்திலேயே யாரேனும் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லியிருந்தால் அவர்கள் விலகியிருக்கமாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம். அந்த நாலு வார்த்தையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வடசேரியில் வளரும் நமக்கு நாட்டியம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நகை. அதில் வியப்பில்லை. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, மாட்டல், ஒட்டியாணம் என்று நாட்டியப் பெண்கள் அணியும் கோயில் நகைகளுக்குப் பேர்போன ஊர் நம் ஊர். தெய்வத் திருமேனிகளுக்குச் சாத்துவதற்காகச் செய்யப்பட்ட இந்நகைகள் பின்னர் ஆடுவோரின் அணிகளாயின. சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கற்கள் பதித்த இக்கைவேலை, நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனால் தங்கையரே, நகை அணியும் நாள் இப்பாடத்தின் கடைசிப் பக்கம். முதல் பக்கத்தில் இருப்பவை வெறுங்காலும் பருத்திச் சேலையும் பொறுமையுமே.

முதற்பாடம் நிற்பது

வகுப்பு வணக்கத்துடன் தொடங்கும். தரையைத் தட்டி மிதிக்கப் போகிறோமே, அதற்காகப் பூமியிடம் பொறுத்தருளக் கேட்பது அவ்வணக்கத்தின் பொருள். அடுத்து அரைமண்டி. குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை இருபுறமும் திருப்பி, முழங்கால்களை வெளிப்புறமாக மடக்கி, முதுகு வளையாமல் பாதி அமர்ந்த நிலையில் நிற்க வேண்டும். பார்க்க எளிது, ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியும் அதன் அருமை.

இங்கேதான் தொடக்கத்தில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பாதத்தை மட்டும் நன்றாகத் திருப்பிவிட்டு முழங்காலை முன்னே விட்டுவிடுகிறார்கள். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். "மக்களே, கால்விரல் பாக்குற பக்கந்தான் முட்டும் பாக்கணும்" என்று எங்கள் ஆசிரியை சொல்லாத நாளில்லை. இடுப்பு எவ்வளவு இடங்கொடுக்கிறதோ அவ்வளவு திருப்பினால் போதும். நாளடைவில் அது கூடும்.

எங்களில் ஒருத்தி இதைக் கேளாமல் துன்பப்பட்டாள். அரைமண்டி எல்லாரையும்விடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்று வலிந்து அமர்ந்தாள். முழங்கால் வீங்கியது. சொன்னால் ஆண்டுவிழா ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, வீட்டிலும் வகுப்பிலும் மறைத்தாள். விழாவில் ஆடினாள், மறுநாள் படியிறங்க முடியவில்லை. அதன்பின் ஆறு மாதம் சுவரோரம் அமர்ந்து எங்களுக்குத் தாளம் போட்டாள். இன்று மீண்டும் ஆடுகிறாள். இதை எழுதச் சொன்னவளும் அவளே. பயிற்சிக்குப்பின் தொடைச் சதை வலிப்பது இயல்பு, இரண்டொரு நாளில் தீரும். மூட்டு வலித்தாலோ வீங்கினாலோ அன்றே ஆசிரியையிடமும் அம்மாவிடமும் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிமெண்டுத் தரையிலும் கல் தரையிலும் நெடுநேரம் தட்டுவதும் மூட்டுக்கு ஆகாது. சாப்பிட்ட உடனே ஆடுவதும் கூடாது.

இரண்டாம் பாடம் எண்ணுவது

அரைமண்டிக்குப்பின் தட்டடவு. 'தெய்யா தெய்' என்ற சொல்லுக்குப் பாதத்தைத் தூக்கித் தட்டுவதுதான் முழுப் பாடமும். முதற்காலத்தில் ஒன்று தட்டினால், அதே நேரத்தில் இரண்டாங்காலத்தில் இரண்டு, மூன்றாங்காலத்தில் நான்கு. மாதக்கணக்கில் இதையே செய்யச் சொல்கிறார்களே, பாட்டு எப்போது வரும் என்று மனம் சலிக்கும். விலகுகிறவர்கள் விலகுவது இந்த இடத்தில்தான்.

அவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். தட்டடவு நாட்டியத்தின் வாசற்படி அன்று. அதுவே வீட்டின் அடித்தளம். வர்ணம் என்னும் பெரிய உருப்படியில், மூச்சு வாங்கும் வேளையிலும் காலைத் தாளத்தில் நிறுத்துவது இந்தப் பயிற்சியே. எனவே கையால் ஆதிதாளம் போடப் பழகுங்கள். ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையுமாக நான்கு, பின் தட்டும் வீச்சும் இருமுறையாக நான்கு, ஆக எட்டு. வாய் சொல்லைச் சொல்ல, கை தாளம் போட, கால் தட்டுவது என மூன்றும் ஒன்றாகும்போது மனம் ஒருமுகப்படும்.

இது நமக்கு மட்டும் உரிய வழியன்று. ஐரோப்பியர் இணையாக ஆடும் வால்ட்ஸ் நடனம் மூன்று எண்ணிக்கை கொண்டது. நம் திஸ்ரத்தைப் போல. அதைப் பயிலத் தொடங்குவோரும் தாளத்துக்கு நடக்கத்தான் முதலில் கற்கிறார்கள். அங்கே துணைவரின் காலை மிதிக்காமல் இருக்க எண்ண வேண்டும். இங்கே நம் காலே நம்மை ஏமாற்றாமல் இருக்க எண்ண வேண்டும். அடவுகள் தேறியபின் சலங்கை கட்டுவார்கள். சலங்கை பொய் சொல்லாது. தவறிய அடியைக் கூட்டத்துக்கெல்லாம் கேட்கச் சொல்லிவிடும்.

கையும் முகமும்

அபிநய தர்ப்பணம் என்னும் வடமொழி நூல் ஒற்றைக்கை முத்திரைகள் 28 என்று வகுக்கிறது. பதாகம், திரிபதாகம் என்று தொடங்கும் அப்பெயர்களை வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. கை போகும் வழியே கண் போக வேண்டும். நிறமும் உடலமைப்பும் தடையாகுமோ என்று கேட்கும் தங்கையர் உண்டு. தாளமும் பாவமும் நிறத்தைப் பார்த்து வருவதில்லை. அப்படிக் கேலி பேசுகிறவர்களைத் தட்டடவின் மூன்றாங்காலம் ஆடிக் காட்டச் சொல்லுங்கள்.

நமக்குத் தந்தவர்கள்

இன்று நாம் பயிலும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இவர்களுள் வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் இருந்தவர். அக்காலத்தில் நம் நாஞ்சில் நாடும் அந்தத் திருவிதாங்கூரின் பகுதிதான்.

கோயில்களில் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். நம் சுசீந்திரத்திலும் அவர்கள் ஆடினார்கள். பிற்காலத்தில் சமூகம் அவர்களை இழிவாகப் பேசியது. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியபின் எல்லா வீட்டுப் பெண்களும் பயிலும் வழி அகன்றது. மரபில் வந்த பாலசரஸ்வதி (1918-1984) அக்கலையை உலக அரங்குகளில் ஆடிக் காட்டினார். கலையை வாங்கிக்கொண்டு, தந்தவர்களை மறப்பது நன்றியாகாது.

கத்தோலிக்கப் பெண்கள் இதைப் பயிலலாமா என்று பெற்றோர் சிலர் தயங்குவதுண்டு. திருச்சியில் 1977இல் அருட்தந்தை ஜார்ஜ் நிறுவிய கலைக்காவிரி அதற்கு விடை. விவிலிய நிகழ்ச்சிகள் அங்கே பரதநாட்டியமாக ஆடப்பட்டுள்ளன. பிற சமயத் தோழியரோடு ஒரே தாளத்தில் நின்று பயில்வதும் ஒரு கல்வியே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

சேர்ந்த ஆண்டிலேயே மேடையேற்றுமாறு ஆசிரியையை நெருக்காதீர்கள். அரங்கேற்றம் ஒரு பரீட்சை, கல்யாணம் அன்று. கடன் வாங்கி மண்டபம் பிடிக்கவும், விருந்து வைக்கவும் வேண்டியதில்லை. அந்தச் செலவை எண்ணி அஞ்சி, நன்றாக ஆடிய பெண்கள் நின்றுபோவதைக் கண்டிருக்கிறோம். நகையை வாடகைக்கு எடுக்கலாம். அரைமண்டியை எடுக்க முடியாது.

தங்கையரே, கடைத்தெருவில் கெம்பு நெற்றிச்சுட்டியைக் கண்டால் நின்று பாருங்கள், ஆசைப்படுங்கள். சிறுசிறு கற்களை ஒவ்வொன்றாகப் பதித்துத்தான் அந்த நகை உருவாகிறது. நாளுக்கு அரைமணி நேரம் தட்டடவு தட்டுங்கள். உங்கள் நாட்டியமும் அப்படித்தான் உருவாகும்.