உழைச்செல்வார்க்கு ஒரு பயிற்சி

மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உள என்பார் வள்ளுவர். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்பன அவை. நான்காமவனை அவர் 'உழைச்செல்வான்' எனக் குறிப்பார். நோயுற்றாரைச் சென்று காண்பதை, ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்றவேண்டிய கடமைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தார்கள். மருந்தால் இனித் தீராது என்றான நோயாளியிடத்தே இந்நான்காமவனின் பணி பெருகுகிறது. அப்பணியைக் கற்பிக்க இயலுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். இறுதிநிலை நோயாளியின் வலி உடலோடு நிற்பதன்று; உள்ளம், குடும்பம், ஆன்மா ஆகியவற்றையும் பற்றியது என்பது அவர் கண்ட உண்மை. அவ்வாறாயின், மருத்துவர் ஒருவரால் மட்டும் அது தணியாது என்பது வெளிப்படை.

இக்கருத்தை நம் அண்டை மாநிலமாம் கேரளம் மக்கள் இயக்கமாக்கியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, பின்னர் மலப்புரம் மாவட்டத்து ஊர்தோறும் பரவியது. 2008இல் மாநில அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. வாரத்திற்கு இரண்டு மணி நேரமேனும் ஒதுக்க வல்லார் தொண்டராகச் சேரலாம். 16 மணி நேர வகுப்பும், நோயாளிகளை நேரிற் காணும் நான்கு நாள் பயிற்சியும் அங்கு உருவான முறையாகும்.

பயிற்சியின் முதற்பாடம் செவிமடுத்தல். இது எளிதன்று. 'ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்' என்று நாமும் நோயாளியிடம் கூறியிருக்கிறோம். அதைக் கேட்டவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதையும் கண்டிருக்கிறோம். அது பொய்யென அவர் அறிவார். அவர் அறிவார் என்பதை வீட்டாரும் அறிவர். எனினும் ஒருவரையொருவர் நோகச் செய்யலாகாதெனக் கருதி அனைவரும் மௌனம் காக்கின்றனர். அம்மௌனத்துள் நோயாளி தனியராகிறார். 'உங்களுக்கு எது மிகுந்த கவலை தருகிறது?' எனக் கேட்டுவிட்டுக் காத்திருப்பதே தக்கது. மகளின் திருமணம், அடைபடாத கடன், பேசாதிருக்கும் தம்பி என விடை வேறாகவும் வரலாம். கேட்டதை வெளியே கூறாமை தொண்டரின் முதற் கடன்.

இரண்டாம் பாடம் உடலைப் பேணுதல். அசைய இயலாதாரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், படுக்கைப் புண் வாராது காத்தல், உலர்ந்த வாயை ஈரத்துணியால் துடைத்தல் முதலியவற்றை வீட்டாருக்குச் செய்துகாட்டித் தாமும் துணைநிற்றல் வேண்டும்.

மூன்றாவது, குடும்பத்தைக் காணுதல். இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியை யாரும் நலம் விசாரிப்பதில்லை. அவர் இரண்டு மணி நேரம் உறங்கத் தொண்டர் அருகிருப்பாராயின், அதுவே பெருந்தொண்டு. நோயாளி மறைந்த பின்னும் அவ்வீட்டிற்குச் சென்று வருதல் இப்பணியின் பகுதியேயாம்.

நான்காவது, எல்லை அறிதல். மருந்தின் அளவைத் தொண்டர் மாற்றலாகாது. மார்பின் என்றதும் அஞ்சும் வீட்டாரை மருத்துவரிடம் ஆற்றுப்படுத்த வேண்டும். தாமே தீர்ப்புரைத்தல் தகாது. நோயாளியின் சமயம் எதுவாயினும் அவர் விரும்பும் வழிபாட்டிற்குத் துணைசெய்தல் வேண்டும். தம் சமயத்தைப் போதித்தல் கூடாது. தம் உள்ளம் சோர்வுறுங்கால் உடன் பணியாற்றுவாரிடம் மனந்திறந்து பேசவும் பழகவேண்டும்.

ஆகவே, இரக்கம் இயல்பாக அமைவது. அதனைப் பயன்படுத்தும் முறையோ கற்றுப் பெறுவது. இலக்கியம் பயிலும் நம் மாணவர் பிறர் சொல்லின் உட்பொருளை உணரப் பழகியவர்கள். அப்பழக்கம் ஏட்டோடு நின்றுவிடாமல், நம் தெருவில் படுத்திருக்கும் ஒருவரின் கட்டிலருகிலும் சென்று அமருமாயின், உழைச்செல்வான் என்னும் சொல்லின் பொருளை நாம் உண்மையிலேயே கற்றவராவோம்.