பாதுஷாவின் அடுக்கும் கொழுப்பின் வேதியியலும்

அடுப்பங்கரையும் ஓர் ஆய்வுக்கூடமே என்பர். இதை நான் உணர்ந்தது நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டில், சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரத்தில். அக்காளுக்கு அது தலைத்தீபாவளி. ஆண்டுதோறும் அம்மா வனஸ்பதியில்தான் பாதுஷா செய்வார். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபின் வனஸ்பதியை அறவே நிறுத்தும்படி மருத்துவர் கூறிவிட்டார். எனவே அம்மா கடலை எண்ணெய் விட்டுப் பிசைந்து பார்த்தார். பாதுஷா மாவாய் உதிர்ந்தது. மறுநாள் இன்னும் அழுத்திப் பிசைந்தார், கல்லாய்ப் போயிற்று. “வேதியியல் படிக்கிறாயே, ஒரு வழி சொல்லக் கூடாதா?” என்றார். அப்போது என்னிடம் விடையில்லை. பின்னர் நான் கண்ட விடையே இக்கட்டுரை.

மைதாவும் நீரும்

மைதாவில் கிளையடின், குளூட்டெனின் என இரு புரதங்கள் உள்ளன. நீர் பட்டதும் இவை இணைந்து குளூட்டன் என்னும் இழுபடும் வலையாகின்றன. பிசையப் பிசைய வலை வலுக்கும். பரோட்டாவுக்கு வேண்டியது இவ்வலுவே. பாதுஷாவுக்கு இதுவே பகை. அம்மாவின் இரண்டாம் முயற்சி கல்லானதற்குக் காரணம் இதுதான்.

கொழுப்பின் வேலை

கொழுப்பு இரு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, மாவுத் துகள்களைப் போர்த்தி நீர் புகாமல் தடுப்பது. எண்ணெயும் இதைச் செய்யும். அதனால்தான் பண்டம் உதிர்கிறது. இரண்டாவது, மாவின் ஏடுகளுக்கிடையே மெல்லிய தகடாய்க் கிடந்து, அவை ஒட்டாமல் பிரித்து வைப்பது. இதற்குக் கொழுப்பு திடமாக இருக்க வேண்டும். சூடேறும்போது தகடு உருகுகிறது. மாவிலுள்ள நீர் ஆவியாகிச் சுமார் 1,600 மடங்கு விரிந்து ஏடுகளைத் தூக்குகிறது. அடுக்கு பிறப்பது இவ்வாறே.

மேலை நாடுகளில் பழமோ இறைச்சியோ உள்ளே வைத்துச் சுடும் ‘பை’ என்னும் பண்டத்தின் ஓட்டுக்குப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். குளிர்ந்த நிலையில் அது திடமாய் நிற்பதே காரணம். நம் பாதுஷாவில் வனஸ்பதி செய்ததும் அதே வேலைதான்.

வனஸ்பதி

திரவ எண்ணெயில் நிக்கல் வினையூக்கியைக் கொண்டு ஹைட்ரஜனைச் சேர்த்துத் திடமாக்கும் முறைக்கு ஜெர்மானியரான நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1937இல் வந்த டால்டாவின் பெயரே பின்னர் வனஸ்பதிக்குப் பொதுப்பெயராயிற்று. ஹைட்ரஜன் முழுமையாகச் சேராதபோது மாறுபக்கக் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. இவை இரத்தத்தில் தீய கொழுப்பை உயர்த்தி, நல்ல கொழுப்பைத் தாழ்த்துகின்றன. ஆகவே எண்ணெய், கொழுப்பு வகைகளில் இவை நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது.

நான் செய்த சோதனை

நான்கு பங்காக, பங்குக்கு 100 கிராம் மைதாவும் 40 கிராம் கொழுப்பும் எடுத்தேன். முதற்பங்கில் கடலை எண்ணெய். இரண்டாவதில் உருக்கிய நெய். மூன்றாவதிலும் நான்காவதிலும் உறைந்த நெய். முதலிரண்டும் உதிர்ந்தன. நான்காவதைப் பத்து நிமிடம் பிசைந்தேன், கடினமாயிற்று. பிசையாமல் அடுக்கிய மூன்றாவது மட்டும் ஏடு ஏடாகப் பிரிந்தது. ஆக, வேண்டியது வனஸ்பதியன்று. உறைந்த கொழுப்பும் பிசையாத கையுமே!

செய்முறை

விடியற்காலையே ஏற்ற நேரம். நெய்க் கிண்ணத்தைப் பானைத் தண்ணீரில் வைத்தால் நெய் மணல் மணலாய் உறையும். 250 கிராம் மைதாவில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவும் கலந்து, 100 கிராம் நெய்யை விரல் நுனியால் உதிர்த்து விடுக. உள்ளங்கை படலாகாது; அதன் சூடே நெய்யை உருக்கிவிடும். இரண்டு கரண்டி தயிரும், மாவு ஒன்றுசேரும் அளவுக்குக் குளிர்ந்த நீரும் தெளித்துக் கூட்டுக. தட்டையாக்கி, இரண்டாய் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்துக. நான்கு முறை இவ்வாறு செய்தால் பதினாறு அடுக்காகும். அரைமணி நேரம் மூடி வைத்தபின், உருட்டி நடுவில் கட்டைவிரலால் குழித்து, மிதமான சூட்டில் பொறிக்க. எண்ணெய் மிகக் காய்ந்திருந்தால், ஆவி ஏடுகளைப் பிரிக்குமுன் மேற்புறம் இறுகிவிடும்; உள்ளே வேகாது. பொன்னிறமானதும் ஒரு கம்பிப் பதப் பாகில் ஊறவிடுக.

முடிவுரை

நெய்யும் கொழுப்பே, நெஞ்சுநோய் கண்டவர் அதையும் அளவோடுதான் உண்ண வேண்டும். தீபாவளியன்று அக்காளும் மாமாவும் வந்தனர். அப்பாவுக்கு அம்மா ஒரே ஒரு பாதுஷாவைப் பிட்டுப் பாதியைக் கொடுத்தார். அவர் அதை ஏடு ஏடாக எடுத்து வெகுநேரம் தின்றார். விரல் நுனியால் மாவை உதிர்க்கும் பழக்கம் அம்மாவிடம் எப்போதும் இருந்தது. அதன் காரணத்தை மட்டுமே நான் சொன்னேன். நண்பர்களே, வகுப்பில் கற்பதை வீட்டில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வீட்டில் கேட்கும் கேள்வியை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.