நந்தவனத்தில் அலரியும் வெட்சியும்

இறைவனுக்குச் சூட்டும் மலர்களுள் அலரி சிறப்பிடம் பெறுகின்றது. மாத்தளை மாவட்டத்துக் கோயில் முற்றங்களிலும் வீட்டு வாசல்களிலும் இதனை வளர்க்க விரும்புவோர் அதன் இரு வகைகளையும் இனங்காணல் அவசியம்.

செவ்வலரி, வெள்ளலரி: நீண்ட, தடித்த இலைகள் பெரும்பாலும் கணுவுக்கு மூன்றாக நிற்கும். காய் நீண்டு மெலிந்தது.

மஞ்சளலரி: அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்தது. ஒடுங்கிய இலைகள் தனித்தனியே நெருங்கியிருக்கும். பூ புனல் வடிவானது. பச்சைக் காயினுள் கடினமான கொட்டை உண்டு. கிளையை ஒடித்தால் பால் வடியும்.

இவ்விரண்டிலும் எல்லாப் பாகங்களும் நஞ்சாகும். அந்நஞ்சு இதயத்தைத் தாக்கும். காயவைத்தாலும் வேகவைத்தாலும் நீங்காது. ஆகவே சிறுவர் விளையாடும் இடத்திலும் ஆடு மாடு மேயும் இடத்திலும் அலரியை நடலாகாது. விழுந்த காய்களை அன்றாடம் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். வெட்டிய கிளைகளை எரிக்க வேண்டாம். பூக்கொய்த பின் கைகளைக் கழுவுங்கள். தீர்த்தத்திலும் பிரசாதத்திலும் அலரிப்பூ கலவாதிருக்கட்டும். பிள்ளை எவரேனும் கொட்டையைக் கடித்துவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பிள்ளைகள் புழங்கும் இடங்களுக்கு, தென்னிந்தியாவுக்கும் எமது நாட்டுக்கும் உரிய வெட்சியே ஏற்றது. முருகப்பெருமானுக்கு உகந்த மலர் அது. அரையடித் தண்டை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். நிழலில் வைத்து ஈரம் காயாது பார்த்தால் வேர்விடும். வேரூன்றிய கன்றை நீர் தேங்காத, வெயில் படும் இடத்தில் நடுங்கள்.