பத்துப் பேர் இல்லாத தறிக்கூடத்துக்கும் சட்டம் உண்டு

"அந்தச் சட்டமெல்லாம் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனிக்கு. நம்ம தறிக்கூடத்துக்கு எதுக்கு?"

சங்கரன்கோவிலில் இப்படி நினைப்பவர்கள் முதலாளிகள் மட்டுமல்லர். தார் சுற்றும் பெண்களும்தான். ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேர் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் இருக்கிறது. அரசுத் திட்டம் ஒன்றின் ஊழியராகக் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி, 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அதையொட்டி எழுந்த விசாகா வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் முதன்முதலாக நெறிமுறைகளை வகுத்தது. குளிர்சாதன அறைக்காரர்களின் சட்டமாக அது எப்படி மாறியது என்பதுதான் புதிர்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் முதலாளி உள்ளகக் குழு அமைத்தாக வேண்டும். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். நம் ஊரில் பல கூடங்களில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். அவர்களுக்காகவே மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு. புகாரே முதலாளி மீது என்றாலும் அங்கேதான் போக வேண்டும். ஜவுளிக்கடை விற்பனைப் பெண், ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர், வீட்டு வேலைக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். ஆளேற்றிச் செல்லும் மில் வேனும் பணியிடம்தான். சட்டம் வந்து 11 ஆண்டு கழிந்த பிறகும், இந்தக் குழுக்களை அமைக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கெடு விதிக்க வேண்டியிருந்தது. பெண்களுக்குத் தெரியவில்லை என்று அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், தப்பா எடுத்துக்கிட்டா."

அதிகம் புழங்கும் சாக்கு இது. ஐடி நிறுவன வழக்கு ஒன்றில், பெண் ஊழியர்களை ஒட்டி நின்றது வேலையை மேற்பார்வையிடத்தான் என்றார் ஓர் அதிகாரி. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா அதை ஏற்கவில்லை. செய்தவரின் நோக்கத்தைவிட, அந்தச் செயல் அந்தப் பெண் விரும்பாததா என்பதே முக்கியம் என்றார். தறி ஓடும்போது காதருகே வந்து கத்தினால்தான் கேட்கும், உண்மை. அதற்குத் தோளில் கை போட வேண்டியதில்லை. மேஸ்திரிக்கும் அது தெரியும்.

"நிரூபிக்க முடியலைன்னா பொய்ப் புகார்னு அவளையே தண்டிச்சிருவாங்க."

இல்லை. தெரிந்தே பொய் சொன்னதாக விசாரணையில் உறுதியானால் மட்டுமே நடவடிக்கை. ஆதாரம் போதவில்லை என்பது பொய்யாகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடவும் தடை உண்டு.

"படிக்கத் தெரியாதவ எங்க போய் எழுதிக் கொடுப்பா?"

எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை தரலாம். தென்காசி ஆட்சியர் அலுவலகம் வரை ஒரு நாள் கூலியை விட்டுப் போகவும் வேண்டாம். ஒவ்வொரு தாலுகாவுக்கும் நகராட்சிக்கும் ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்கச் சொல்கிறது சட்டம். புகாரை வாங்கி ஏழு நாளுக்குள் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்புவது அவர் வேலை. சங்கரன்கோவில் தாலுகாவும்தான், நகராட்சியும்தான். அந்த அலுவலர் யார் என்று அங்கேயே கேட்கலாம்.