மஃரிபு வேளையில் இடறும் பிள்ளை

மஃரிபு பாங்கு சொல்லும் நேரம். பகலெல்லாம் ஓடியாடிய பிள்ளை வாசற்படியில் இடறுகிறது. தட்டிலுள்ள சோற்றைக் கையால் தடவித் தேடுகிறது. "கண் தெரியவில்லையா?" என்று நாம் அதட்டி விடுகிறோம். மெய்யாகவே அதற்குக் கண் தெரியாமல் இருக்கலாம். இதுவே மாலைக்கண். வைட்டமின் 'ஏ' சத்து உடலில் வற்றிவிட்டதற்கு அடையாளம். கவனியாது விட்டால் வெள்ளை விழியில் நுரை போன்ற திட்டுப் படியும். பிறகு கருவிழி வறண்டு இளகிப் பார்வையே போய்விடும்.

இச்சத்து கண்ணுக்கு மட்டுமன்று, உயிருக்கும் காவல் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் மதுரையிலிருந்து சென்றது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் உடன் பணியாற்றியோரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளை ஓராண்டு கவனித்தனர். ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் 8,333 யூனிட் வைட்டமின் 'ஏ' கொடுக்கப்பட்டது, மற்றவருக்கு இல்லை. 1990-இல் வெளியான முடிவின்படி, சத்துப் பெற்ற பிள்ளைகளிடையே மரணம் 54 சதவீதம் குறைந்திருந்தது. (2013-இல் வெளியான உத்தரப் பிரதேச ஆய்வில் பலன் இவ்வளவு தெரியவில்லை. அங்கே கொடுத்தது ஆறு மாதத்திற்கு ஒருமுறை பெரிய அளவு.)

நாம் கவனிக்க வேண்டியது, அந்த வார அளவு சாதாரண உணவிலிருந்தே பெறக்கூடியது என்பதுதான்.

கறி வாங்கிச் சாப்பிடும் வீட்டில் சத்துக்கு என்ன குறை என்று கேட்போர் உண்டு. சதைக்கறியில் இச்சத்து அநேகமாக இல்லை. ஆட்டின் ஈரலில்தான் அது சேர்ந்திருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளன்று ஈரல் பெரியவர்களின் தட்டுக்கே போய்விடுகிறது. பிள்ளைக்கும் ஒரு சிறு துண்டு போகட்டும். (கர்ப்பிணிகள் ஈரலை மிகுதியாக உண்ணலாகாது.) ஈரலுக்கு வழியில்லாத வீட்டில் முட்டையின் மஞ்சள் கரு, முருங்கைக்கீரை, அகத்தி, பரங்கி, பப்பாளி, மாம்பழம் இருக்கின்றன. கொல்லையில் முருங்கையை வைத்துக்கொண்டு, விருந்தாளி முன் கீரை வைப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பது நம்மிடையே உள்ள வேடிக்கை! கீரையை எண்ணெய் விட்டு வதக்க வேண்டும். கொழுப்பில்லாமல் இச்சத்து உடலில் சேராது.

தட்டம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, கறி முட்டை ஆகாது என்பது ஊர் வழக்கம். நம் வீடுகளிலும் அது புகுந்துவிட்டது. மார்க்கம் இப்படி எதையும் விதிக்கவில்லை. தட்டம்மை உடலிலுள்ள இச்சத்தை உறிஞ்சிவிடும். அந்த நேரத்தில் பத்தியம் என்று பட்டினி போட்டதால் பார்வை இழந்த பிள்ளைகள் அநேகர்.

பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டும் பழக்கமும் இத்தகையதே. வைட்டமின் 'ஏ' நிறைந்தது அந்த முதற்பால். இரண்டாண்டுகள் பாலூட்டுவதைப் பற்றி அல்பகறா அத்தியாயம் கூறுவதை அறிந்த தாய்மார்கள், முதல் மூன்று நாட்களை மட்டும் விலக்குவானேன்?

9 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியுடனும், பின்பு 5 வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறையும் அரசு இலவசமாகச் சொட்டு மருந்து கொடுத்து வருகிறது. பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் எத்தனை முறை பதிந்திருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். கடையில் வாங்கி நீங்களே ஊற்ற வேண்டாம். அளவு மிஞ்சினால் தீங்கு. மாலையில் இடறும் பிள்ளையை மறுநாள் காலையிலேயே கண் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.